கையில் குத்திய கல்லறை

அத்தியாயம் 11

கிறிஸ்பின் தன் அக்கா டெல்ஃபினாவோடு பேசி ஏழு மாதமாகிறது. இரண்டு வீட்டுக்கும் நடுவே நாலே வீடுதான். ரொட்டிக் கடையில் எதிரெதிரே வந்துவிட்டால் அவன் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்வான், கடைக்காரிக்கு. பக்கத்தில் நிற்கிற அக்கா அவன் கண்ணுக்குத் தெரிய மாட்டாள்.

அவள் செய்த குற்றம், ரத்தம் கொடுத்தது.

இந்த வாரம்தான் நம்மோடு வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இவர்களுக்கு ஓர் அண்ணன் இருந்தான், லோலோ. தெற்குக் கடலில் இருக்கிற மால்வினாஸ் தீவுகளுக்கு, இங்கிலீஷ்காரனோடு சண்டைக்குப் போகும்போது அவனுக்கு இருபது வயது. முப்பத்தாறு வருஷமாகிறது, வரவில்லை. அவனைப் போல நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அந்தத் தீவிலேயே வெள்ளைச் சிலுவைகளுக்கு அடியில் கிடக்கிறார்கள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில், கடவுளுக்கு மட்டுமே தெரிந்த சிப்பாய் என்று எழுதியிருக்கும். கடவுளுக்குத் தெரிந்து என்ன செய்ய? பெற்றவளுக்குத் தெரிய வேண்டாமா?

பெற்றவர்கள் தாங்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். குடும்பங்களை விமானத்தில் கூட்டிப்போன வருஷங்களில் ஒவ்வொரு தாயும் ஏதாவது ஒரு சிலுவையின் முன்னால் நிற்பாள். இதுதான் என் பிள்ளை என்று உட்கார்ந்துவிடுவாள். யாரும் எதிர்க்கேள்வி கேட்க மாட்டார்கள். லோலோவின் அம்மா எர்மினியா நின்றது ஒன்பதாவது வரிசையில், பதினேழாவது சிலுவை முன்னால்.

ஊர் திரும்பியதும் அந்த அம்மாள், எழுபது வயதில், இடது முழங்கைக்குக் கீழே தீவுகளின் படத்தைப் பச்சை குத்திக்கொண்டாள். அதற்கடியில் 9-17. அதைப் பார்த்து டெல்ஃபினா குத்திக்கொண்டாள், கிறிஸ்பின் குத்திக்கொண்டான். மெர்செதெஸ் ஊரில் இது புதிதில்லை. போருக்குப் போய் வந்தவன் வீட்டிலும் போனவன் வராத வீட்டிலும் அந்தத் தீவுகள் இல்லாத கை அபூர்வம்.

போன ஜூலைக் குளிர்காலத்தில் எர்மினியா போய்ச் சேர்ந்தாள். உயிரோடு இருந்தவரை மரபணுச் சோதனை என்றாலே எரிந்து விழுவாள். "எனக்குத் தெரிஞ்சதை ஒரு சீசாவுக்கு எதுக்குச் சொல்லணும்?" என்பாள். அவள் போன பிறகு டெல்ஃபினா போய் ரத்தம் கொடுத்தாள். சந்தேகப்பட்டு இல்லை. ஒன்பதாவது வரிசை பதினேழாவது சிலுவையில் அண்ணன் பெயரைப் பொறிக்க வேண்டும் என்ற ஒரே ஆசை. கிறிஸ்பினுக்கோ அது அம்மாவைப் பொய்க்காரி என்று சொன்னதாகப் பட்டது.

இனி, இந்தச் சனிக்கிழமைக்கு வருவோம்.

*

தலைநகரிலிருந்து இரண்டு பெண்கள் சோதனை முடிவோடு டெல்ஃபினா வீட்டுக்கு வந்திருந்தார்கள். காலை பத்து மணி. டெல்ஃபினா விடியலிலேயே எழுந்து சீஸ் போட்டுச் சிப்பா ரொட்டி சுட்டு, லோலோவின் புகைப்படத்தைத் துடைத்து மேசை நடுவில் வைத்திருந்தாள். கணவன் லாரியோடு ரொசாரியோ போயிருந்தான். மகள் அராசெலி எட்டு மணிக்கே மாமன் கிறிஸ்பினோடு கிளம்பிவிட்டாள்.

"கூட யாராவது இருந்தா நல்லாயிருக்கும். யாரையாவது கூப்பிடுறீங்களா?" என்றாள் கண்ணாடி போட்டவள்.

"எதுக்கும்மா? நல்ல சேதிதானே. சாப்பிடுங்க, ஆறிடப் போகுது."

கண்ணாடிக்காரி ஃபைலைத் திறந்தாள். மூத்தவள் எழுந்து வந்து டெல்ஃபினாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உங்க அண்ணனைக் கண்டுபிடிச்சாச்சு."

டெல்ஃபினா சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். ஒரு நிமிஷம் அழுதாள். அது சந்தோஷ அழுகை. மூக்கைத் துடைத்துக்கொண்டு சட்டைக் கையை மேலே சுருட்டி, இடது கையை மேசைமேல் நீட்டிக் காட்டினாள்.

"ஒன்பது-பதினேழு. எங்கம்மா காட்டின இடம். ஒரு காகிதம் இல்லாம, ஒரு ஆள் துணை இல்லாம கண்டுபிடிச்சா."

இரண்டு பெண்களும் அந்தக் கையைப் பார்த்தார்கள். கண்ணாடிக்காரி கண்ணாடியைக் கழற்றினாள்.

"டெல்ஃபினாம்மா, அவர் ரெண்டாவது வரிசையில இருக்கார். அஞ்சாவது சிலுவை."

"இல்லைம்மா. நல்லாப் பாருங்க. ஒன்பதாவது வரிசை."

"ரெண்டு தடவை சோதிச்சிருக்காங்க. சந்தேகமே இல்லை."

டெல்ஃபினா காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தெரிந்தது. இரண்டாவது வரிசை கல்லறை வாசலுக்குப் பக்கத்தில் இருப்பது. அம்மாவும் அவளும் தீவுக்குப் போன அன்றைக்கு அதைத் தாண்டித்தான் உள்ளே போயிருப்பார்கள். குளிர் காற்று முகத்தில் அடிக்க, அம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வேகவேகமாக நடந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அப்போ ஒன்பது-பதினேழுல யாரு?"

"அது வேற ஒரு குடும்பத்து விஷயம். நாங்க சொல்லக் கூடாது."

"யாரோ இருக்காங்கதானே?"

"இருக்கார். இப்ப அவருக்கும் பேர் இருக்கு," என்றாள் மூத்தவள்.

டெல்ஃபினா தன் கையையே பார்த்தாள். அம்மாவைப் பெட்டியில் கிடத்தியபோது கிறிஸ்பின்தான் இடது கைச் சட்டையை முழங்கை வரை சுருட்டிவிட்டான். வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கட்டும், மேலே போனால் பிள்ளைக்கு அடையாளம் தெரியட்டும் என்றான். ஊரே பார்த்தது. யாருடைய பிள்ளையையோ கையில் எழுதிக்கொண்டு அம்மா மண்ணுக்குள் போய்விட்டாள்.

அப்போதுதான் அவளுக்கு மகளின் நினைவு வந்தது.

"ஐயோ, அராசெலி!"

வருஷா வருஷம் மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, முன்னாள் வீரர் மன்றத்தில் பச்சை குத்தும் நாள். யமிலா என்ற பெண் இயந்திரத்தோடு வந்து, போருக்குப் போனவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் இலவசமாகக் குத்திவிடுவாள். அவளுடைய அப்பாவும் அந்தத் தீவில் காலை இழந்தவர். இந்த வருஷம் அராசெலி குத்திக்கொள்கிறாள். இருபத்தைந்து வயது, மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்த கையோடு, பாட்டி கையில் இருந்தது என் கையிலும் இருக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். கிறிஸ்பினுக்கு வாயெல்லாம் பல். 'உங்கம்மா நம்பாட்டி என்ன, நீ நம்புறே பாரு' என்று தன் வண்டியிலேயே கூட்டிப்போனான்.

டெல்ஃபினா மகளுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். கிறிஸ்பினுக்குக்கூடப் போட்டாள், மானத்தை விட்டு. அவனும் எடுக்கவில்லை.

"மன்னிச்சுக்கோங்கம்மா, ரொட்டியைச் சாப்பிட்டுட்டு இருங்க," என்று சொல்லிவிட்டுக் ஃபைலை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள். கதவைச் சாத்தக்கூட இல்லை.

*

மன்றத்து வாசலில் தொத்திறைச்சி சுடுகிற புகை. அக்கார்டியன் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. போன் எப்படிக் கேட்கும்? ஆனால் அந்தப் பாட்டையும் மீறி ஒரு குரல் கேட்டது. டயர்க் கடையில் லாரிச் சத்தத்தோடு போட்டி போட்டு வளர்ந்த குரல், அவள் தம்பி குரல்.

"எங்க கல்லறைம்மா அது! ஊருக்கே தெரியும்! நீ எங்கேருந்து வந்து உரிமை கொண்டாடுறே?"

மன்றத் தலைவர் எவரிஸ்தோ வாசலிலேயே டெல்ஃபினாவைப் பிடித்துக்கொண்டார். லோலோவோடு ஒரே கூடாரத்தில் படுத்தவர்.

"நல்லவேளை வந்தே. குண்டுச் சத்தத்துல போன காது பாதி, உன் தம்பி மீதியையும் எடுத்துடுவான் போலிருக்கு. உள்ளே போம்மா."

உள்ளே அராசெலி நாற்காலியில் இடது கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். தீவுகள் இரண்டும் முடிந்து, அதைச் சுற்றித் தோல் சிவந்திருந்தது. கீழே ஒன்பது மட்டும் இருந்தது. யமிலா ஊசியை நிறுத்திக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நாற்காலிக்கு அந்தப் பக்கம் ஓர் அம்மாள். அறுபது வயது இருக்கும். ஒல்லி உடம்பு, பேருந்தில் கசங்கிய பூப்போட்ட சட்டை, கையில் ஒரு துண்டுக் காகிதம். எதிரே கிறிஸ்பின் தொப்பியைக் கையில் நசுக்கிக்கொண்டு நின்றான்.

"என்னடி ஆச்சு?" என்றாள் டெல்ஃபினா மகளிடம்.

யமிலா முந்திக்கொண்டாள். "நான் ஒண்ணும் பண்ணலைக்கா. இவங்க கோயாவிலேருந்து வந்திருக்காங்க, நெலிடான்னு பேரு. அடுத்த ஆள் இவங்க. என்ன குத்தணும்னு எழுதிக் குடுங்கன்னேன், ஒன்பது-பதினேழுன்னு எழுதிக் குடுத்தாங்க. அட, இந்தப் பொண்ணுக்கும் அதே நம்பர்தான், நீங்க சொந்தக்காரங்களான்னு கேட்டேன். அவ்வளவுதான்."

"வியாழக்கிழமை தலைநகரத்துலேருந்து வீட்டுக்கு வந்து சொன்னாங்க," என்றாள் நெலிடா. அவள் பின்வாங்கவில்லை. "அது என் தம்பி. நான் எதுக்கு நூறு மைல் பஸ்ல வந்து பொய் சொல்லணும்?"

"தப்பாச் சொல்லியிருப்பான். தலைநகரத்துக்காரனுக்கு நம்மளைப் பத்தி என்ன தெரியும்?" என்று கத்திய கிறிஸ்பின், சட்டையைச் சுருட்டித் தன் கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். "பாரு! ஒன்பது வருஷமா இங்க இருக்கு. எங்கம்மா தேடிப்போய்க் கண்டுபிடிச்ச இடம். எங்க அண்ணன்!"

"கிறிஸ்பின்," என்றாள் டெல்ஃபினா.

அவன் திரும்பவில்லை. "மாமா, அம்மா கூப்பிடுறாங்க," என்றாள் அராசெலி.

"யாரும் என்னைக் கூப்பிட வேண்டாம்!"

"அவங்க சொல்றது சரிதான், கிறிஸ்பின்."

எவரிஸ்தோ போய்ப் பாட்டை நிறுத்தினார். வரிசையில் நின்ற கிழட்டுச் சிப்பாய்கள் இருவரையும், "கறி கருகுது, போய்ப் பாருங்கடா," என்று வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

டெல்ஃபினா ஃபைலை எடுத்தாள். அதை யார் கையில் கொடுப்பது என்று தெரியவில்லை. கடைசியில் மகள் மடியில் வைத்தாள்.

"அண்ணன் ரெண்டாவது வரிசையில இருக்கான். அஞ்சாவது சிலுவை. இப்பத்தான் வீட்டுக்கு வந்து சொன்னாங்க. ரெண்டு தடவை சோதிச்சாங்களாம்."

"பார்த்தியா?" என்றான் கிறிஸ்பின். ஏழு மாதத்துக்கு அப்புறம் அவளைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை. "பார்த்தியா, நீ பண்ணின வேலையை? நிம்மதியா இருந்தோம். அம்மா நிம்மதியாப் போனா. உனக்கு என்ன வந்துச்சு?"

வழி நெடுக அவளே தன்னைக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விதான் அது.

*

நெலிடா ஒவ்வொரு கையாகப் பார்த்தாள். கிறிஸ்பின் கை, டெல்ஃபினா கை, பாதியில் நிற்கிற அராசெலியின் கை. பார்க்கப் பார்க்க அவள் முகம் இறுகியது.

"கையில குத்திக்கிட்டுத் திரியிறீங்களே, அவன் பேர் என்னன்னாவது தெரியுமா உங்களுக்கு?"

கிறிஸ்பின் நீட்டிய கையை இறக்கினான்.

"வால்டெமார். படகோட்டப் பிடிக்கும். பல்வரிசை கோணல், அதனால வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்பான். எங்கம்மாவுக்கு விமானச் சீட்டு வந்தப்போ கால் விளங்கலை, போக முடியலை. அம்மாவை விட்டுட்டு நானும் போகலை. 'என் பிள்ளை தலைமாட்டுல ஒரு நாதி உட்காரலையே'ன்னு சொல்லிச் சொல்லியே செத்தா. உட்கார்ந்திருக்காங்களே உங்கம்மா! எனக்கு யாரு வந்து சொன்னா?"

"எங்களுக்குத் தெரியாதும்மா," என்றாள் டெல்ஃபினா. "சத்தியமாத் தெரியாது."

"தெரியாதுதான். தெரியாமத்தான் எல்லாம்." நெலிடா பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். கோபம் அதோடு தீர்ந்துபோனது போலிருந்தது. துண்டுக் காகிதத்தை மடித்தாள், பிரித்தாள். "நீங்க போனீங்களா? நேர்ல பார்த்தீங்களா?"

"குடும்பத்துக்கு ரெண்டு பேர். அம்மாவும் நானும் போனோம்."

"எப்படி இருக்கு அந்த இடம்?"

டெல்ஃபினா அவள் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தாள். "காத்து. நிக்கவே முடியாது. சிலுவைக்குச் சிலுவை ஜெபமாலை தொங்கும், காத்துல ஒண்ணோடொண்ணு மோதி டிக்டிக்னு சத்தம் வந்துக்கிட்டே இருக்கும். அம்மா தோள்ல கிடந்த கம்பளிச் சால்வையை எடுத்து அவன்மேல போர்த்திவிட்டா. உங்க தம்பிமேல. கழட்டினா உனக்குக் குளிரும்மான்னு சொன்னேன், திட்டினா. வீட்டுக் கொல்லை மண் ஒரு பை கொண்டுபோயிருந்தா, அதைத் தூவினா. ஒன்றரை மணி நேரம் எழுந்திருக்கவேயில்லை."

"பேசினாங்களா?"

"நிறுத்தாமப் பேசினா. குவரானி பாஷையில. சே மெம்பு, சே மெம்புன்னு."

என் பிள்ளையே, என் பிள்ளையே. நெலிடா சட்டென்று முகத்தை மூடிக்கொண்டாள். அவள் வீட்டிலும் அந்த பாஷைதான். அவள் அம்மாவும் அப்படித்தான் கூப்பிட்டிருப்பாள்.

அழுது முடித்து, "இருபத்தாறாம் தேதி விமானம்னு சொன்னாங்க," என்றாள். "இந்தத் தடவையும் ரெண்டு ரெண்டு பேர்தானாம். எங்க வீட்டுல மிச்சம் நான் ஒருத்திதான். போகணும். போய் என்ன பேசுறதுன்னு தெரியலை. உங்கம்மா என்ன பேசினாங்கன்னு சொல்லுங்க. அவன் கேட்டுக்கிட்டுத்தானே படுத்திருந்தான்? அவன் கேட்டது எனக்கும் தெரிய வேண்டாமா?"

டெல்ஃபினா தயங்கினாள். அன்றைக்கு விமானத்தில் திரும்பும்போது அம்மா அவள் கையைப் பிடித்து, இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். ஆனால் அந்தப் பேச்சு போய்ச் சேர்ந்தது இவள் தம்பியிடம். இவளிடம் மறைக்க எனக்கென்ன உரிமை என்று தோன்றியது.

"ஊர்க் கதையெல்லாம் சொன்னா. அப்பா செத்ததைச் சொன்னா. கிறிஸ்பின் டயர்க் கடை போட்டான், தொந்தி வச்சுட்டான்னு சொல்லிச் சிரிச்சா. அப்புறம்..."

"சொல்லுங்க."

"அப்புறம் மன்னிப்புக் கேட்டா."

கிறிஸ்பின் நிமிர்ந்தான். "எதுக்கு மன்னிப்பு?"

டெல்ஃபினா அவனைப் பார்க்காமல் நெலிடாவிடமே சொன்னாள். "எங்க அண்ணன் அந்த வருஷம் கட்டாய ராணுவச் சேவை முடிச்சு வீட்டுக்கு வந்துட்டான். மாட்டுப் பண்ணையில வேலைக்கும் சேர்ந்துட்டான். சண்டை வந்ததும் முடிச்சவங்களையும் திரும்பக் கூப்பிட்டாங்க. போலீஸ்காரர் அழைப்புச் சீட்டைக் கொண்டு வந்தப்போ அவன் பண்ணையில இருந்தான். அம்மா சீட்டை வாங்கி ஒளிச்சு வச்சுட்டா, மாவு டப்பாவுக்குள்ள. எனக்கே அன்னைக்குக் கல்லறையிலதான் தெரியும். 'மூடியை இறுக்கித்தான் மூடினேன், சே மெம்பு. எப்படியோ உன் கண்ணுல பட்டுடுச்சு. கொளுத்திப் போட்டிருக்கணும். எழுதப் படிக்கத் தெரியாத கழுதை, அரசாங்கக் காகிதம்னு பயந்துட்டேன். உன்னை நானே அனுப்பிட்டேன், என்னை மன்னிச்சிடு'ன்னா. நெத்தியைத் தரையில வச்சுக்கிட்டு அதையே திரும்பத் திரும்பச் சொன்னா."

யமிலா கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தாள்.

"அப்போ எங்க அண்ணன்கிட்ட அது போய்ச் சேரவே இல்லையா?" என்றான் கிறிஸ்பின். அவன் குரலா அது என்றிருந்தது. "அவ கேட்ட மன்னிப்பு?"

"இல்லை."

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தான். ஐம்பது வயது ஆம்பளை, தரையில். எவரிஸ்தோ தண்ணீர் கொண்டுவந்தார், வேண்டாமென்று தள்ளினான்.

"மூடி இறுக்கமாத்தான் இருந்துச்சு," என்றான்.

"என்ன சொல்றே?"

"கத்தியை வச்சு நெம்பித் திறந்தேன்."

டெல்ஃபினாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஃபைல் கிடந்த மகளின் மடியைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா ஒளிக்கிறதை நான் பார்த்துட்டேன் அக்கா. பதினாலு வயசு. எங்க அண்ணன் சிப்பாய், எங்க அண்ணன் சிப்பாய்னு பள்ளிக்கூடம் பூரா சொல்லி வச்சிருந்தேன். எல்லாப் பசங்களோட அண்ணனும் ரயில் ஏறப் போறான், என் அண்ணன் மட்டும் மாட்டுக்குப் பின்னாடி போனா எனக்கு என்ன மரியாதை? பக்கத்து வீட்டுக் குதிரையை எடுத்துக்கிட்டு பண்ணைக்கே போய்க் குடுத்தேன். உன்னை மறுபடி கூப்பிட்டிருக்காங்க அண்ணே, சண்டைக்குன்னு சொன்னேன்."

அவன் மூச்சு வாங்கினான்.

"அவன் படிச்சுப் பார்த்தான். அப்புறம் என் தலையைத் தடவிட்டு, 'அம்மாகிட்ட நீ குடுத்தேன்னு சொல்லாதே, தோலை உரிச்சிடுவா. டப்பாவுல நானே பார்த்தேன்னு சொல்லிக்கிறேன்'னான். அப்படித்தான் சொன்னான். நான் அடி வாங்கக் கூடாதுன்னு."

முப்பத்தாறு வருஷம். ஏப்ரல் மாதம் தோறும் ஊர்வலத்துக்கு முன்னால் கொடி பிடித்துப் போனவன் இவன். எங்க அண்ணன் எங்க அண்ணன் என்று குடித்துவிட்டு மேசையைக் குத்தி அழுதவன். அம்மா கையில் முதல் ஊசி இறங்கியபோது பக்கத்தில் நின்று தோளைப் பிடித்துக்கொண்டவனும் இவன்தான். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே. அம்மா வேறு ஏதாவது சொல்லி அழுதிருப்பாளே. நெலிடா கையெடுத்துக் கும்பிடுவது போல விரல்களை வாயில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"சாகுறதுக்கு முந்தின நாள்கூடக் கேட்டா," என்றாள் டெல்ஃபினா. யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. "என்னை மன்னிச்சிருப்பானாடின்னு கேட்டா. நீ கட்டில் காலடியில நின்னுக்கிட்டிருந்தே."

"நின்னேன்."

"யாரைப் பத்திக் கேக்குறான்னு தெரியலையா உனக்கு?"

"கடவுளைச் சொல்றா, பாதிரியாரைக் கூப்பிடணும்னு நினைச்சேன் அக்கா. சத்தியமா. மாவு டப்பா விஷயமா அவ இத்தனை வருஷம் எரிஞ்சுக்கிட்டிருந்தான்னு எனக்கு இப்பத்தான் தெரியும்." அவன் தரையிலேயே நகர்ந்து வந்தான். "அந்த விமானத்துல என்னையும் கூட்டிட்டுப் போ. நான் அவன்கிட்ட சொல்லணும். அம்மா தப்பு பண்ணலை, நான்தான்னு சொல்லணும். என்னைக் கூட்டிட்டுப் போவியா அக்கா?"

அராசெலி அம்மாவைப் பார்த்தாள். எல்லாரும் பார்த்தார்கள். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் இவன் அம்மாவை விட்டுவிட்டு அக்கா மடியில்தான் வந்து படுப்பான். அவன் தலைமேல் கை வைக்க வேண்டும் என்றுதான் டெல்ஃபினா நினைத்தாள். ஆனால் நெற்றி தரையில் பட, காற்றில் நரைமுடி பறக்க, முன்பின் தெரியாத ஒரு பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்த அம்மாதான் அவள் கண்ணுக்குத் தெரிந்தாள். கை எழவில்லை.

"வீட்டுக்குப் போ கிறிஸ்பின்," என்றாள்.